மெத்தைமேல் இரண்டு நிமிடம்

மார்ச் 10

பெருமதிப்பிற்குரிய தட்டச்சர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அடித்து அனுப்பிய கடிதம் நேற்றுக் காலை பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. கையெழுத்து வாங்கிய தபால்காரர், நல்ல சேதியா என்று கேட்டார். பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நான் பிரிப்பதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். நல்லவேளை.

'பணி நேரத்தில் உறங்கிய குற்றத்துக்காக உடனடியாகப் பணிநீக்கம் செய்யப்படுகிறீர்கள்.' எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, ஓரமெல்லாம் கச்சிதம். கீழே இடது மூலையில் மேலாளரின் முதலெழுத்து, ஒரு சாய்கோடு, பக்கத்தில் அடித்தவரின் முதலெழுத்து. அந்த எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியாதா? எங்கள் தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் தலைமை அலுவலக வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் கிழித்து எடுத்து வந்து, "போட்டுப் பாரு, கிடைச்சாலும் கிடைக்கும்" என்று தங்கள் கையில் கொடுத்தவள் நான்தானே. நாத்தனாருக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். அவள் எனக்கு ஓய்வு வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

அண்ணி பதினான்கு வருடமாக என்ன வேலை செய்கிறாள் என்பது அடிக்கும்போது மறந்துபோயிருக்கலாம். நினைவூட்டுகிறேன். தைத்து முடித்து வரும் ஒவ்வொரு ஸ்பிரிங் மெத்தையின் மேலும் நான் படுக்க வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம், நடுவில், பிறகு முழங்காலால் நான்கு மூலையிலும் ஓர் அழுத்து. உள்ளே எங்காவது கிரீச் என்று கேட்டால் சிவப்புச் சீட்டு, இல்லாவிட்டால் பச்சைச் சீட்டு. கண்ணை மூடினால் காது நன்றாகக் கேட்கும் என்பதால் மூடிக்கொள்வேன். புதிதாக வந்த உற்பத்தி மேலாளர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் மாட்டிக்கொண்டு திரிபவர். அவர் என்னைப் படம் எடுத்து, 'இரண்டு நிமிடம் பத்து விநாடி உறக்கம்' என்று எழுதிவிட்டார்.

மெத்தை சோதிப்பவள் படுத்திருந்தாள் என்று வேலையை விட்டு அனுப்பிய கம்பெனியில் தங்கள் உத்தியோகம் மேன்மேலும் சிறக்க வாழ்த்தும்,

முன்னாள் ஊழியர்


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் அண்ணன் எடுத்து, "அவ குளிக்கிறா" என்றார். ஒரே நாளில் நான்கு குளியல். பேச மாட்டீர்கள் என்று புரிந்துவிட்டது. காகிதத்தில்தான் சண்டை என்றால் நானும் காகிதம் எடுக்கிறேன்.

'அவர்களுக்கு' என்றும் 'தாங்கள்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம். படித்துவிட்டு அழுதேன். தபால்காரர் இடத்தில் கொஞ்சம் சிரிப்பும் வந்தது, அதற்காகவும் அழுதேன்.

பணியாளர் துறை மேலாளர் கொடுப்பதை அடிப்பதுதான் என் வேலை, அண்ணி. அதற்கு மேல் என்ன சொன்னாலும் சப்பைக்கட்டாக இருக்கும். அதனால் உபயோகமான ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனி விதிமுறைப் புத்தகம், முப்பத்தோராம் பக்கம். பணிநீக்கக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து இருபத்தோரு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு முந்தின பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. விசாரணை நடத்தி, ஊழியர் தரப்பை முழுதாகக் கேட்ட பிறகுதான் பணிநீக்கம் பற்றி முடிவெடுக்க வேண்டும். அந்தப் புத்தகத்தையும் நான்தான் அடித்தேன், அதனால் மனப்பாடம்.

உங்களுக்கு நடந்த விசாரணையைப் பற்றி எழுதுங்கள். ஒரு வரி விடாமல் எழுதுங்கள். முன்னாள் ஊழியர் என்று மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள்
நாத்தனார்தான், வேறு யார்


மார்ச் 21

நாத்தனாருக்கு,

'அன்புள்ள' வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். நாள் எண்ணிக்கையைச் சொன்னதற்காக 'தாங்கள்' மட்டும் வாபஸ்.

விசாரணை ஆறாம் தேதி நடந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு சீட்டைக் கொடுத்து, நாளைக் காலை பத்து மணிக்கு வா என்றார்கள். ஸ்டாப்வாட்ச் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒருவர். போட்டோவைக் காட்டி, "இது நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். "கண்ணு மூடியிருக்கா?" மூடித்தான் இருக்கிறது என்றேன். "சரி, போகலாம்." எழுதிக்கொள்ள வந்தவர் பேனா மூடியைக் கழற்றக்கூட இல்லை.

நான் சொல்ல நினைத்திருந்தது இதுதான். என்னோடு சோதனைப் பிரிவில் இருந்த இன்னொருத்தி ஐப்பசியோடு வேலையை விட்டுப் போனாள். அவள் இடத்துக்கு யாரையும் போடவில்லை. அதுவரை ஒரு நாளைக்கு அறுபது மெத்தை பார்த்தேன், பிறகு நூற்றுப் பத்து. சொல்ல வாயைத் திறப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

மேல்முறையீட்டை எழுத உன் அண்ணன் உட்கார்ந்தார். காலையில் பள்ளிப் பேருந்தை ஓட்டி முடித்து வந்து, சாயங்கால ஓட்டத்துக்கு முன்னால் மூன்று மணி நேரம். முதல் பக்கம் முழுக்க என் பொறுமையைப் பற்றி. இரண்டாவது பக்கத்தில், பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்று ஸ்டாப்வாட்சின் பரம்பரையை இழுத்திருந்தார். வாங்கி மடித்து வைத்துவிட்டு, தொழிற்சங்கச் செயலாளரிடம் போனேன். உனக்குத் தெரியும், தையல் பிரிவில் பதினாறு மிஷின் சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பேசித் தொண்டை அப்படியே நின்றுவிட்ட அம்மா. எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். பத்தொன்பதாம் தேதி அனுப்பிவிட்டேன். பதினோராவது நாள்.

அண்ணி


ஏப்ரல் 12

நாத்தனாருக்கு,

மேல்முறையீட்டு விசாரணை முடிந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து பொது மேலாளர் வந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார், எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஆனால் அவர் பக்கத்து நாற்காலியில் ஸ்டாப்வாட்ச். நான் ஒன்று சொன்னால் பொது மேலாளர் அவரைத் திரும்பிப் பார்ப்பார், அவர் தலையாட்டுவார், இவர் எழுதிக்கொள்வார். யார் மேல் புகார் சொல்கிறேனோ அவரிடமே சரியா என்று கேட்டுக்கொண்டால் என்ன ஆகும்? நேற்றுப் பதில் வந்தது. முதல் முடிவே உறுதி. இந்த முறை உன் எழுத்து அதில் இல்லை, கவனித்தேன். இரண்டு எழுத்துப்பிழை இருந்தது.

அடுத்தது தொழிலாளர் தீர்ப்பாயம் என்கிறார் மைக். சங்கத்துக்கென்று ஒரு வக்கீல் இருக்கிறார். அவரைப் போய்ப் பார்த்தோம். வயசுப் பெண், மேசை முழுக்கக் கட்டுக் கட்டாகக் காகிதம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க பேச்சு உண்மைதான், ஆனா அவங்க கையில போட்டோ இருக்கு, உங்க கையில என்ன இருக்கு?" என்றார். பதினான்கு வருடம் இருக்கிறது என்றேன். அதைக் கோப்பில் எப்படி வைப்பது என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

வீட்டில் இருப்பது வேலைக்குப் போவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் பழைய மெத்தை ஒன்று வாங்கப் போகிறோம், வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். கடையில் போய்ப் படுத்து, வலது கால்மாட்டில் மூன்றாவது ஸ்பிரிங் போய்விட்டது என்றேன். கடைக்காரர் அடித்துச் சத்தியம் செய்தார். பிரித்துக் காட்டச் சொன்னேன். மூன்றாவதேதான். அதிலிருந்து தெருவில் எனக்கு ஒரு மரியாதை. உன் அண்ணன் மட்டும், நான் உட்காருகிற ஒவ்வொரு இடத்திலும் ஆடிப் பார்க்கிறேன் என்று குறைப்பட்டுக்கொள்கிறார்.

நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? இது சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. கேட்டேன், அவ்வளவுதான்.

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

சாப்பிடுகிறாயா என்று கேட்டுவிட்டீர்கள். இனிமேல் மறைக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் மார்ச் ஏழு என்று தேதி இருக்கும். விசாரணை நடந்தது ஆறாம் தேதி. எல்லாம் வரிசையாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கடிதத்தை நான் அடித்தது நாலாம் தேதி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். பணியாளர் துறை மேலாளர் தன் கையால் எழுதிய குறிப்பைக் கொண்டு வந்து வைத்தார். "தேதியை மட்டும் ஏழுன்னு போட்டுடுங்க. இது ரகசியம், வெளியே போகக்கூடாது" என்றார். என் அண்ணி என்று அவருக்குத் தெரியாது. பேரையும் ஊழியர் எண்ணையும் நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடித்தேன்.

உங்களை விசாரிப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே முடிவு என் மேசையில் இருந்தது, அண்ணி. அந்த இரண்டு நாளும் போனைக் கையில் எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் மைக்கைக் கூட்டிக்கொண்டு விசாரணைக்குப் போயிருப்பீர்கள். என் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன்.

இதற்கு அத்தாட்சி இருக்கிறது. அடிக்கிற ஒவ்வொரு கடிதத்துக்கும் அன்றைக்கே அனுப்புகைப் பதிவேட்டில் ஒரு வரிசை எண் போட வேண்டும். உங்கள் கடிதத்தின் தலையில் 118 என்று இருக்கும், பாருங்கள். 117-ம் 119-ம் வேறு யாருக்கோ போன சாதாரணக் கடிதங்கள், இரண்டிலும் தேதி மார்ச் நாலு. ஏழாம் தேதி அடித்த கடிதங்கள் 130-க்கு மேலே. நான் எந்தக் காகிதத்தையும் வெளியே எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லித் தீர்ப்பாயம் கேட்டாலே போதும்.

இதை வக்கீலிடம் காட்டுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


மே 16

அன்புள்ள அண்ணிக்கு,

நாலு வாரம் ஆயிற்று. நீங்கள் திட்டி எழுதுவீர்கள் என்று தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறேன். மின்சாரக் கட்டண ரசீது மட்டும் தவறாமல் வருகிறது.

அண்ணனிடம் கேட்டேன். என் கடிதத்தை நீங்கள் யாரிடமும் காட்டவில்லையாம், அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டீர்களாம். எதற்கு என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், ரெண்டு பேரும் ஒரே மாதிரி" என்று போனை வைத்துவிட்டார்.

நீங்கள் காட்டாவிட்டால் என்ன? மைக்கின் விலாசத்தை வாங்கி நானே எழுதிவிட்டேன். என்னைச் சாட்சியாகக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். தபாலில் போட்டாகிவிட்டது, இனி யாரும் தடுக்க முடியாது என்பதற்காக அதற்குப் பிறகுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாத்தனார்


மே 22

அடி அசடே,

யார் உன்னைச் சாட்சி சொல்லச் சொன்னது? நான் கேட்டேனா? கடிதத்தை ஒளித்து வைத்தது கோபத்தில் என்று நினைத்தாயா? முதல் வாரம் கோபத்தில்தான். ஒரு நாள் முழுக்கப் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினேன். இரண்டு நாள் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று. இரண்டாவது வாரம் வக்கீலிடம் காட்டலாம் என்று வெளியே எடுத்தேன். காட்டினால் உன்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் உன் வேலை போகும். ஒரு குடும்பத்தில் ஒருத்திக்கு வேலை போனால் போதாதா? அப்படியே புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். கோபம் தீர்ந்தது எப்போது என்று தெரியவில்லை. வைத்த பிறகு தேடினேன், காணவில்லை.

மைக் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். உன் கடிதத்தை எங்கள் கூடத்தில் வாசித்தார், எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். வக்கீல் துள்ளிக் குதித்தாராம்.

சரி, நீ ஒன்று சொன்னாய், நானும் ஒன்று சொல்கிறேன். உன் அண்ணனுக்கும் தெரியாது. அன்றைக்கு நான் தூங்கினேன்.

ஆமாம். அது தொண்ணூற்றாறாவது மெத்தை. அன்று காலையிலிருந்து எதிலாவது ஒரு சத்தம், சிவப்புச் சீட்டாக எழுதி எழுதிக் கை வலித்தது. இதில் படுத்தேன். இடப்பக்கம் சத்தமில்லை, வலப்பக்கம் சத்தமில்லை. நடுவில் வந்து கண்ணை மூடினேன். அவ்வளவு நேர்த்தியான மெத்தையை அந்த மாதத்தில் பார்க்கவில்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது ஸ்டாப்வாட்ச் அழுத்திய டிக் சத்தம். பதினான்கு வருடத்தில் அந்த ஒரு முறைதான்.

காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. வக்கீலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். மற்ற நாளெல்லாம் அது உண்மை, அந்த இரண்டு நிமிடம் மட்டும் இல்லை. நீ எனக்காக உண்மை சொல்ல வருகிறாய். நான் பக்கத்துக் கூண்டில் நின்று பொய் சொல்வதா? என்ன செய்வதென்றே தெரியவில்லை.

போன் செய். குளிக்கவில்லை.

அன்புள்ள (போட்டுவிட்டேன்)
அண்ணி


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

அழைப்பாணை வந்துவிட்டது. அலுவலக விலாசத்துக்கே வந்தது, தபால் பிரிக்கும் அம்மா அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். பத்து நிமிடத்தில் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. பணியாளர் துறை மேலாளர் கூப்பிட்டார். திட்டவில்லை. "உங்களுக்கு எதுக்குமா இந்த வம்பு? ஞாபகமில்லைன்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்றார். எனக்கு எண்களெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கும், அதற்காகத்தானே சார் என்னை வேலைக்கு எடுத்தீர்கள் என்றேன். முழு வாக்கியமும் வந்துவிட்டது, எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் என் மேசை மாறிவிட்டது. அடித்தளத்தில் பழைய கோப்புகள் வைக்கும் அறை. முப்பது வருடத் தூசி, ஒரே ஒரு ஜன்னல், அதில் நடக்கிறவர்களின் கணுக்கால் மட்டும் தெரியும். கோப்புகளை வருட வாரியாக அடுக்க வேண்டுமாம். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, 'நிர்வாக வசதி' என்று எழுதிக் கொடுத்தார்கள். செருப்பை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டேன்.

நீங்கள் போனில் கேட்டதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எதைச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வருமோ அதைச் சொல்லுங்கள், அண்ணி. தூக்கம் என்று எழுதிவிட்டேனே, மன்னித்துக்கொள்ளுங்கள். எது மனசுக்கு நிம்மதியோ அதை.

ஜூலை மூன்றாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். அன்று மாலை ரயிலிலேயே திரும்ப வேண்டும், ஒரு நாள்தான் விடுப்பு.

நாத்தனார்


ஜூலை 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

நேற்று ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாய், ஒரு டீகூட வாங்கிக் கொடுக்க முடியவில்லை. சாட்சிகள் வெளியே இருக்க வேண்டும் என்பதால் என் முறை வந்தபோது நீ உள்ளே இல்லை. உன் அண்ணனிடம் கேட்டால், "நல்லா பேசினா" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார். அதனால் நானே எழுதுகிறேன்.

நீதிமன்றம் என்று பயந்துகொண்டு போனேன். பார்த்தால் நீளமான மேசை, பத்துப் பதினைந்து நாற்காலி, ஓடாத கடிகாரம். தீர்ப்பாயத் தலைவர் ஒரு பெண்மணி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுகிறவர். நம் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். என்ன வேலை, எத்தனை வருடம், எத்தனை மெத்தை, விசாரணையில் எத்தனை கேள்வி.

பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். போட்டோவைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார், என் வாய்கூடக் கொஞ்சம் திறந்திருந்தது தெரிந்தது. "அம்மா, நீங்க அப்ப தூங்கலைன்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியுமா?" என்றார்.

நம் வக்கீல் என்னைப் பார்த்தார். ஸ்டாப்வாட்ச் பார்த்தார். உன் அண்ணன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சியில் நீ உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது.

"முடியாதுங்க. தூங்கிட்டேன். ரெண்டு நிமிஷம்" என்றேன்.

கம்பெனி வக்கீலுக்கு அடுத்த கேள்வி இல்லாமல் போய்விட்டது. ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி எழுதி வைத்திருந்தார் பாவம், எல்லாம் நான் இல்லை என்று சொன்னால் கேட்பதற்கு. தலைவர் கண்ணாடியைக் கீழே இறக்கி, "ஏன் தூங்குனீங்க?" என்று கேட்டார். அத்தனை மாதத்தில், ஏன் என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். இன்னொருத்தி போனது, நூற்றுப் பத்து, தொண்ணூற்றாறாவது. "அது ரொம்ப நல்ல மெத்தைங்க, ஒரு சத்தம் இல்ல" என்றேன். தலைவர், அந்த மெத்தைக்கு என்ன சீட்டுக் கொடுத்தீர்கள் என்றார். பச்சை என்றேன். வாங்கியவர்களிடமிருந்து புகார் எதுவும் வந்ததா என்று ஸ்டாப்வாட்சைக் கேட்டார். அவர் கோப்பைப் புரட்டி, இல்லை என்றார். "அப்ப தூக்கத்திலயும் சரியாத்தான் பார்த்திருக்காங்க" என்று தலைவர் சொன்னதும் அறையே சிரித்துவிட்டது. மைக் சிரித்தது உனக்குக் கேட்டிருக்கும்.

நம் வக்கீலுக்கு என் மேல் கோபம். பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்றார். பிறகு நீ உள்ளே போனாய். 117, 118, 119 என்று பதிவேட்டில் விரல் வைத்துக் காட்டினாயே, கை நடுங்கவே இல்லை. உன் பணியாளர் துறை மேலாளர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூன்று முறை துடைத்தார். உங்கள் உறவுக்காரர் என்பதால் பொய் சொல்கிறீர்கள் என்று அவர்கள் வக்கீல் சொன்னதும், "உறவா இருந்தும் ரெண்டு நாள் சொல்லாம இருந்தேன், அதுக்குத்தான் இப்ப வெட்கப்படுறேன்" என்றாயே, அங்கே நான் அழுதுவிட்டேன். தூசி என்று உன் அண்ணனிடம் சொன்னேன்.

அண்ணி


ஜூலை 8

அன்புள்ள அண்ணிக்கு,

வெளியே பெஞ்சியில் 117, 118, 119 என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வேறு வழக்குக்கு வந்த ஒரு லாரி ஓட்டுநர், சமாதானமாக ஒரு பொட்டலம் கடலை நீட்டினார். உள்ளே எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. யார் வேலை போனதற்கு இப்படிச் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். என் அண்ணியுடையது என்றேன். "அப்ப ஜெயிச்சுடுவாங்க" என்றார். அவர் எந்தச் சட்டம் படித்தாரோ தெரியாது, எனக்கு அதில் பாதி பயம் போய்விட்டது.

கை நடுங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவேட்டின் மேல் அழுத்தி வைத்திருந்தேன், அதுதான் விஷயம்.

நாத்தனார்


ஆகஸ்ட் 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

போனில் கத்தியது போதாது, எழுத்திலும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தீர்ப்பை மைக் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். பதினேழு பக்கம். கேட்காமலே முடிவெடுத்துவிட்டு, பிறகு கேட்பது போல நடித்தது விசாரணை ஆகாது. மேல்முறையீட்டில் புகாருக்கு உள்ளானவரையே பக்கத்தில் உட்கார வைத்ததும் தவறு. இரண்டு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டியதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதனால் மறுபடி வேலை, பழைய பணிக்காலம் தொடரும், இடைப்பட்ட சம்பளமும் உண்டு. தூங்கியதற்காகக் கம்பெனி எனக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை கொடுத்துக்கொள்ளலாம். உன் அண்ணன் அதற்கு மட்டும் முறைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. செய்ததற்கு மட்டும் தண்டனை, செய்ததன் அளவுக்கு.

திங்கட்கிழமை உள்ளே போனேன். தையல் பிரிவில் மிஷினையெல்லாம் நிறுத்தினார்கள். மைக் ஏதோ பேசினார், முதல் முறையாக மிஷின் சத்தம் இல்லாமல் அவர் பேசியதைக் கேட்டோம், எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். சோதனைப் பிரிவுக்கு இன்னொருத்தியைப் போட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரி, இரண்டே நாளில் மூலைச் சத்தத்தையும் நடுச் சத்தத்தையும் பிரித்துச் சொல்கிறாள். ஸ்டாப்வாட்ச் வந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு மெத்தைக்கு எவ்வளவு நேரம் தேவைப்படும் என்று என்னையே கேட்டார். நாலு நிமிடம் என்றேன். எழுதிக்கொண்டு போனார்.

உன்னை இன்னும் அந்த அறையிலிருந்து மேலே கொண்டுவரவில்லையா? சும்மா இருக்காதே. குறைதீர்ப்பு மனு எழுது. முதல் பத்தியில் கோபம் வேண்டாம், தேதியும் நடந்ததும் மட்டும். கோபத்தைக் கடைசிப் பத்திக்கு வைத்துக்கொள். அதற்குள் அது தானாகவே ஆறியிருக்கும்.

அண்ணி


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடியே மனு எழுதினேன். மேலே வந்துவிடுங்கள், மேசை தயார் என்று போன வாரம் பதில் வந்தது. நான்தான் இன்னும் போகவில்லை. காரணம் கேளுங்கள்.

தீர்ப்பு வந்த மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் ஏதோ கோப்பு தேடுகிற சாக்கில் கீழே இறங்கி வந்தார். பத்து நிமிடம் அலமாரியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பதவி உயர்வைத் தட்டிக் கழித்துவிட்டார்கள், எப்படி எழுதிக் கேட்பது என்றார். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் துப்புரவு அம்மா இரண்டு பேர், விடுப்பு விஷயம். அதற்கு மறுநாள் கிடங்கிலிருந்து மூட்டை ஏற்றுகிறவர், மூட்டையோடே வந்துவிட்டார். இப்போது ஒரு மணிக்கு அறை வாசலில் வரிசை நிற்கிறது. பழைய கோப்புக் கட்டுகளைப் போட்டு உட்கார இடம் செய்திருக்கிறேன். மைக்குக்கு எழுதினேன். தலைமை அலுவலகக் கிளைக்கு நீயே சங்கப் பிரதிநிதியாக இரு என்று ஒரு ரசீதுப் புத்தகத்தை அனுப்பிவிட்டார். இதையெல்லாம் விட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் போய் உட்காரவா?

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மணி ஒன்றே முக்கால், வரிசை கலைந்துவிட்டது. ஜன்னலில் ஒரு ஜோடி பளபளப்பான கறுப்பு ஷூ. அங்குமிங்கும் நான்கு முறை நடந்தது. பிறகு படியில் இறங்கும் சத்தம். பணியாளர் துறை மேலாளர்.

கதவருகிலேயே நின்றார். கையில் ஒரு கடிதம். உங்கள் வழக்கில் கம்பெனி தோற்றதற்கு அவர்தான் காரணம் என்று அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள், அண்ணி. காலையில் மேசைமேல் கடிதம் இருந்ததாம். விசாரணை எதுவும் இல்லை, ஒரு கேள்விகூட இல்லை. நான் மேலே இல்லாததால் வேறு யாரோ அடித்திருந்தார்கள், அவர் பெயரிலேயே பிழை. இருபது வருடம் மற்றவர்களுக்குக் கொடுத்த கடிதம்தான், தன் கைக்கு வந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை அவருக்கு. "மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள்மா டைம்?" என்றார்.

இருபத்தொன்று என்று சொல்லிவிட்டேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுக்கிறேன் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் எனக்கு மனசு வரவில்லை. தேதியை ஏழு என்று போடச் சொன்னவர் அவர். உங்களை ஐந்து மாதம் வீட்டில் உட்கார வைத்தவர். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

போனில் சொல்லியிருக்கலாம். பேசினால் நீங்கள் முதலில் ஒன்று சொல்லிவிட்டு, பிறகு வேறு ஒன்று சொல்வீர்கள். யோசித்து எழுதுங்கள்.

நாத்தனார்


செப்டம்பர் 16

அன்புள்ள நாத்தனாருக்கு,

தபால் திங்கட்கிழமைக்குள் வந்து சேராது என்று உன் அண்ணன் சொன்னார். அதனால் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். பள்ளி விடுமுறை, சும்மாதான் இருக்கிறார்.

நான் யோசித்தேன். முதலில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்கே தெரியும், அதை எழுதவில்லை. துணி துவைத்துக்கொண்டே யோசித்தேன், காயப் போட்டுக்கொண்டே யோசித்தேன். மடிக்கும்போது முடிவுக்கு வந்துவிட்டேன்.

ஒருத்தரைக் கேட்காமல் அனுப்பக்கூடாது என்று சொல்லித்தானே பதினேழு பக்கம் வாங்கினோம். நல்லவர்களை மட்டும் என்று அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை, மறுபடி வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் செய்தது தப்பு. அதை அவர் முகத்துக்கு நேரே சொல், மனுவிலும் மறைக்காதே. தப்புக்கு என்ன உண்டோ அது அவருக்குக் கிடைக்கட்டும். ஆனால் கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும்.

திங்கட்கிழமை அவர் வந்தால் அந்தக் கோப்புக் கட்டின் மேல் உட்காரச் சொல். ஒரு டீ வரவழைத்துக் கொடு. காகிதத்தை உடனே எடுத்துவிடாதே. என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று முதலில் கேள். கேட்டுவிட்டு, அவர் முழுதாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் இரு. அவருக்கு அது பழக்கமில்லாத விஷயம், கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அண்ணி